இணையவழி உளவளத்துணை நடத்தும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மக்களுக்கு இணையவழி உளவளத்துணை ஒழுங்கு செய்யும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

உங்களில் ஒரு சங்கம் அண்மையில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் போட்டது. இலவச உளவளத்துணைத் திட்டம் தொடரும். ஆலோசகர்களின் தகுதி, பதிவு இலக்கம் போன்ற விபரங்களை இனிமேல் யாரும் கேட்க வேண்டாம். அவர்களைச் சங்கத்துக்குத் தெரியும், அது போதும் என்பது அதன் சாரம். அந்த விபரங்களைக் கேட்டவர்களில் நான் ஒருத்தி. இந்த முடிவை ஏற்க முடியாது என்று அந்தச் சங்கத்துக்கு நேரடியாக எழுதினேன். பதில் வரவில்லை. கல்முனை, திருக்கோவில் பக்கத்திலும் இதேபோன்ற திட்டங்கள் நடப்பதாலும், அங்கிருந்தும் இதே முறைப்பாட்டைக் கேட்பதாலும், உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

இணையவழி ஆலோசனையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது எவ்வளவு தேவை என்பது இங்கே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ ஒருவர் மட்டக்களப்பு நகருக்கு வந்து மனநல கிளினிக்கில் காட்டிவிட்டுத் திரும்புவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பொத்துவில் ஆட்களின் பாடு இன்னும் கஷ்டம். கிளினிக்கில் வைத்தியர்கள் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். ஆனால் வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு எத்தனை நிமிடம்தான் கொடுக்க முடியும்? மருந்து கிடைக்கும், இலவசமாகவே கிடைக்கும். ஆறுதலாக உட்கார்ந்து கதைக்க ஒரு ஆள் கிடைப்பதுதான் அரிது. அத்தோடு, அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பதை ஊரவர் யாராவது கண்டுவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும் நேரம் அது கதையாக வரும்.

போர், 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல், 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு எல்லாம் இந்த மண்ணில் விழுந்தவை. காணாமல் போன பிள்ளைக்காக இன்னும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். நுண்கடன்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே, ஊரோடு சம்பந்தம் இல்லாத, முறையாகப் படித்த ஒருவரோடு தமிழில் கதைக்கலாம் என்றால் அது எங்களுக்குப் பெரிய விடயம். அதனால்தான் உங்கள் திட்டம் வந்தபோது என் பெறாமகளின் பெயரை நானே பதிந்தேன்.

அவள் என் தங்கையின் மகள். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீடொன்றில் இருக்கிறாள். எதற்காக அவளுக்கு உதவி தேவைப்பட்டது என்பதை நான் எழுதமாட்டேன். அது அவளுடைய சொந்த விடயம். இந்த மடலை அவளுக்கு வாசித்துக் காட்டி, வெட்டச் சொன்னதை வெட்டி, அவளுடைய சம்மதத்தோடு வெளியிடுகிறேன்.

முதலில் அவளுக்குக் கிடைத்தவர் அமெரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். லைசன்ஸ்ட் கிளினிக்கல் சோஷல் வேர்க்கர், சுருக்கமாக எல்.சி.எஸ்.டபிள்யூ., என்று சங்கம் அறிமுகப்படுத்தியது. சோஷல் வேர்க்கர் என்றதும் எங்கள் ஆட்களுக்குப் பிரதேச செயலகத்தில் கொடுப்பனவு விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். அங்கே இந்த வேலை வேறு. சமூகப் பணியில் முதுமாணிப் பட்டம் எடுக்க வேண்டும். அதன் பிறகு மூத்த ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணிநேரம் வேலை செய்ய வேண்டும். பல மாநிலங்களில் இது 3,000 மணிநேரம் அளவில் வரும். பிறகு ஒரு பரீட்சை. எல்லாம் முடிந்த பிறகே மாநிலம் அனுமதிப்பத்திரம் கொடுக்கும். மருந்து எழுத முடியாது. ஆனால் மனநோயை இனங்காணவும், பேச்சுவழிச் சிகிச்சை கொடுக்கவும் அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

அந்தப் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். முதல் நாளிலேயே முழுப் பெயர், எந்த மாநிலத்தின் அனுமதிப்பத்திரம், அதன் இலக்கம் எல்லாம் சொன்னார். கதைப்பது இரகசியமாக இருக்கும் என்றும், எந்தச் சந்தர்ப்பத்தில் அந்த இரகசியத்தை மீற வேண்டி வரும் என்றும் விளக்கினார். அவர் இருக்கும் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் இங்கே அடுத்த நாள் அதிகாலை 5.30. தகப்பன் நாவலடிக்குத் தொழிலுக்குப் போன பிறகு, தாய் குசினியில் நிற்கும்போது, இவள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். இரண்டு அறை வீட்டில் வேறு எங்கே போவது? விடியப்புறத்தில் யாரோடு கதைக்கிறாய் என்று பக்கத்து வீட்டார் கேட்கத் தொடங்கினார்கள். நவம்பரில் அமெரிக்காவில் மணிக்கூட்டை மாற்றினார்கள். 5.30 ஆக இருந்த நேரம் இங்கே 6.30 ஆகப் போயிற்று. அதற்குள் நன்றாக விடிந்து, ஊர் எழும்பிவிடும். நேரத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பைச் சங்கம் எடுத்திருந்தது. ஆனால் இது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை சிரமத்துக்குள்ளும் அவள் தேறி வந்தாள். சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள், தையல் வகுப்புக்குத் திரும்பப் போனாள்.

பிறகு அந்தப் பெண்ணே ஒரு சிக்கலைச் சொன்னார். அமெரிக்காவில் இந்த அனுமதிப்பத்திரம் மாநிலம் மாநிலமாகக் கொடுக்கப்படுவது. ஆலோசகர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் போதாது. சிகிச்சை பெறுபவர் அந்த நேரம் எங்கே இருக்கிறார் என்பதையே பொதுவாகப் பார்ப்பார்கள். நியூ ஜேர்சியில் மட்டும் அனுமதி உள்ளவர் டெக்சாசில் இருக்கும் ஒருவருக்குக் காணொளியில் சிகிச்சை கொடுக்க வேண்டுமானால் டெக்சாசின் அனுமதியும் வேண்டும். மாநிலங்களுக்கு இடையே இதை இலகுவாக்க ஒரு உடன்படிக்கை கொண்டுவந்திருக்கிறார்கள், ஆனால் அது அதில் சேர்ந்த மாநிலங்களோடு நின்றுவிடும். மட்டக்களப்பு அதற்குள் வராது. அவருடைய தொழில்சார் காப்புறுதியும் இலங்கையில் இருப்பவருக்குச் செல்லாது என்று நிறுவனம் எழுத்தில் சொல்லிவிட்டதாம். அவர் உண்மையைச் சொல்லி, அவசரப்படாமல் முடித்துவைத்து, இங்குள்ள வைத்தியரிடம் கொடுக்க ஒரு குறிப்பும் எழுதித் தந்து விலகினார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் கேள்வியைத் திட்டம் தொடங்க முன்பே கேட்டிருக்க வேண்டியது சங்கம்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. சங்கம் உடனே இன்னொருவரைப் போட்டது. அவரும் எல்.சி.எஸ்.டபிள்யூ. என்றுதான் சொல்லப்பட்டது. இரகசியம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் அழைப்பிலேயே, வாட்ஸ்அப் வீடியோவில், நடந்ததை எல்லாம் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னார். பின்னால் யாரோ நடமாடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் சொல்லி முடித்தபோது, அடுத்த கிழமை பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு அவளுக்கு மூச்சு முட்டியது, கை விறைத்தது. அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். திரும்பி வந்தது ஒரு தானியங்கிப் பதில்: அவசரம் என்றால் 911 ஐ அழையுங்கள். திராய்மடுவில் இருந்துகொண்டு 911 ஐ அழைத்து என்ன செய்வது? இங்கே அம்புலன்சுக்கு 1990. மனம் உடைந்து நிற்கும் நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். இந்த இரண்டு இலக்கத்தையும் தெரிந்துவைத்திருக்காத ஒருவரை எங்கள் பிள்ளைகளின் மனதைத் திறக்க விட்டிருக்கிறீர்கள். நாங்கள்தான் 1990 ஐ அழைத்து அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். விடியும்வரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த தாதியை நான் மறக்கமாட்டேன். "பெரியம்மா, மறுகா நான் யாரிட்டையும் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று பிள்ளை சொன்னதையும் மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஆலோசகரின் பெயரைத் தேடினேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் அனுமதிச் சபையும் இணையத்தில் பதிவேட்டை வைத்திருக்கிறது. பெயரைப் போட்டால் அனுமதிப்பத்திரத்தின் வகை, இலக்கம், அது நடைமுறையில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். ஒழுக்காற்று நடவடிக்கை இருந்தாலும் பொதுவாகத் தெரியும். காசு தேவையில்லை. அவர் சொன்ன மாநிலத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. சங்கத்திடம் கேட்டேன். அவர் சில வார இணைய வகுப்பொன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர், நல்ல மனிதர், கோயில் தொண்டு எல்லாம் செய்பவர் என்று பதில் வந்தது. நான் அந்தப் பதிலைக் குழுவில் போட்டேன். வேறு சிலரும் தங்கள் பிள்ளைகளோடு கதைத்தவர்களின் விபரத்தைக் கேட்டார்கள். அப்போது வந்ததுதான், இனிக் கேட்க வேண்டாம் என்ற அறிவித்தல்.

ஐயா, அம்மா, உங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பிள்ளைக்கு ஒரு தெரபிஸ்ட் தேவைப்பட்டால் இப்படித்தான் தெரிவு செய்வீர்களா? ஒன்ராறியோவில் சமூகப் பணியாளர்களைப் பதிந்து ஒழுங்குபடுத்த சட்டத்தின் கீழ் அமைந்த சபை இருக்கிறது, அதை அங்கே கல்லூரி (காலேஜ்) என்பார்கள். அதன் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். உளச்சிகிச்சை அங்கே 2017 டிசம்பர் 30 முதல் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயல். இப்படியான குறிப்பிட்ட சில சபைகளின் அங்கத்தவர்களே செய்யலாம். இங்கிலாந்தில் 2019 டிசம்பரிலிருந்து சோஷல் வேர்க் இங்கிலாண்ட் என்ற அமைப்பு சமூகப் பணியாளர்களைப் பதிகிறது. அதில் பதியாதவர் அந்தப் பட்டத்தைப் பாவிக்க முடியாது. ஆனால் அதே இங்கிலாந்தில் கவுன்சலர் என்ற பெயருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, யாரும் வைத்துக்கொள்ளலாம். லண்டனில் இருந்து ஆலோசகர்களைத் தரும் சங்கங்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். கவுன்சலர் என்று சொல்கிற ஒருவர் எந்தத் தொழில்சார் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறார் என்று கேட்டு, அந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

இலங்கையில்தான் இதற்கெல்லாம் சட்டம் இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கரைச்சல் என்று உங்கள் நிர்வாகி ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். இங்கே மனநோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1873 இல் எழுதப்பட்டது. கடல் கடந்து போனில் சிகிச்சை நடக்கும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க வழியில்லை. பிழை நடந்தால் நாங்கள் இங்கே எந்தக் கதவைத் தட்டுவது? எங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த ஆலோசகர் தன் நாட்டில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதுதான். அந்தப் பெயரையும் இலக்கத்தையும் மறைத்தால் அதுவும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதிவதற்கு நீங்கள் அனுப்பிய கூகிள் படிவத்தில் பெயர், வயது, கிராமம், தொலைபேசி இலக்கம், அப்புறம் "பிரச்சினை என்ன" என்று ஒரு கட்டம். அந்தப் படிவத்தைத் திறந்து பார்ப்பவர்கள் யார்? சங்கத்தின் செயற்குழு. செயற்குழுவில் இருப்பவர்கள் யார்? எங்கள் சித்தப்பாமார், மச்சான்மார், ஒன்றாகப் படித்தவர்கள். ஊரில் ஒரு குடும்பத்தின் கதை இன்னொரு குடும்பத்துக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் கடல் கடந்த ஒருவரைத் தேடினோம். அந்தக் கதை ரொறன்ரோ போய், அங்கே ஒரு பிறந்தநாள் வீட்டில் கதைக்கப்பட்டு, ஏறாவூரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு வந்துசேர்ந்தது. என் பெறாமகளுக்கு இது நடக்கவில்லை. வேறொரு பெண்ணுக்கு நடந்தது. அவளுக்குப் பேசிவைத்திருந்த கலியாணம் நின்றுபோனது. அவளுடைய தாய் என்னிடம் அழுத அழுகைக்கு உங்களில் யாரிடம் பதில் இருக்கிறது? உடல்நலம் பற்றிய விபரம் விசேடமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது என்று இந்த நாட்டின் 2022 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் வீட்டு விடயத்தை ஒரு செயற்குழு வாசிக்க நீங்கள் விடுவீர்களா?

நல்ல மனதோடுதான் செய்கிறோம் என்று சொல்கிறீர்கள். நம்புகிறேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்தவர்களிலும் நல்ல மனதில்லாதவர்கள் குறைவு. அப்போது நான் கல்லடிப் பக்கத்தில் ஒரு முகாமாக மாறிய பாடசாலையில் ஆசிரியை. ஒரு குழு வந்து பிள்ளைகளை வட்டமாக இருத்தி நடந்ததைச் சொல்லச் சொல்லும். அவர்கள் போன பிறகு இன்னொரு குழு வந்து அதையே கேட்கும். இரவில் பிள்ளைகள் அலறுவார்கள், அந்த நேரம் எந்தக் குழுவும் அங்கே இருக்காது. இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைத்துவிட்டுப் போவதைத் தவிர்க்க வேண்டும், உள்ளூர்ச் சேவைகளோடு சேர்ந்தே வேலை செய்ய வேண்டும் என்று, அவசரநிலைகளில் உளநல உதவி பற்றிய சர்வதேச வழிகாட்டல் 2007 இல் வந்தது. அது வந்து இத்தனை வருடம் கழித்து, அதே தவறை எங்கள் சொந்த ஆட்களே போனில் செய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

தகுதி கேட்டால் ஆலோசகர்கள் விலகிவிடுவார்கள் என்கிறீர்கள். தகுதியைச் சொல்ல மறுப்பவர் விலகட்டும். எண்ணிக்கை குறையும், சரி. அந்த முதல் பெண்ணைப் போல ஒருவர் இருந்தாலும் போதும்.

இனி நான் கேட்பவை.

குழுவில் போட்ட அந்த அறிவித்தலை மீளப் பெறுங்கள். இப்போது உங்கள் திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆலோசகரின் முழுப் பெயர், என்ன அனுமதிப்பத்திரம், எந்த நாடு, எந்த மாநிலம் அல்லது மாகாணம், என்ன இலக்கம், அதை எந்தப் பதிவேட்டில் பார்க்கலாம் என்பதைத் தமிழில் எழுதி வெளியிடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத தொண்டர்களும் இருக்கலாம், அவர்களும் தேவைதான். ஆனால் அவர்களைத் தொண்டர் என்றே சொல்லுங்கள், சிகிச்சை செய்ய விடாதீர்கள். இலங்கையில் இருப்பவருக்குத் தாங்கள் சிகிச்சை கொடுக்கலாமா என்று அனுமதிச் சபையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் ஒவ்வொரு ஆலோசகரும் எழுத்தில் பதில் வாங்கும்வரை புதிய ஆட்களைச் சேர்க்காதீர்கள். இப்போது பாதியில் இருப்பவர்களை ஒரே நாளில் கைவிடவும் வேண்டாம். அவர்கள் சம்மதித்தால் இங்குள்ள மனநலப் பிரிவுக்கோ, பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தருக்கோ முறையாக ஒப்படையுங்கள்.

பழைய படிவங்களை அழித்துவிடுங்கள். அழித்துவிட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். இனிப் பதிபவரின் விபரம் நேராக ஆலோசகருக்கு மட்டும் போக வேண்டும், செயற்குழுவுக்கு ஒரு பெயர்கூடத் தெரியக் கூடாது. முதல் அழைப்புக்கு முன்பே 1926, 1990, கிட்டிய வைத்தியசாலை, வீட்டில் நம்பக்கூடிய ஒருவரின் இலக்கம் ஆகியவை ஆலோசகரின் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் காசும் நேரமும் பற்றி. அனுமதிப்பத்திரம் உள்ள உங்கள் ஆட்கள் எங்களுக்கு உதவி செய்ய வேறு வழியும் இருக்கிறது. இங்குள்ள உளவளத்துணை உத்தியோகத்தர்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கலந்து கதைக்க மூத்த ஒருவர் இல்லாமல் தனியே நின்று களைத்துப்போகிறார்கள். யாருடைய பெயரும் சொல்லாமல், மாதத்துக்குச் சில மணிநேரம் சூமில் அவர்களுக்கு வழிகாட்டுங்கள். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப் பணிக்கு இளமாணி, முதுமாணிப் பட்டங்கள் இருக்கின்றன. படுவான்கரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் படிக்க விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு அந்தச் செலவைக் கொடுங்கள். ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு நூலகத்திலோ பாடசாலையிலோ கதவு பூட்டக்கூடிய ஒரு அறையும் இணைய இணைப்பும் ஒழுங்கு செய்ய உதவுங்கள். எங்கள் பிள்ளைகள் கிணற்றடியில் நின்று கதைக்கத் தேவையில்லை.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் என்பதை இந்த மாதம் முடிவதற்குள், சங்கத்தின் பெயரோடும் பொறுப்பானவரின் கையெழுத்தோடும், அந்த அறிவித்தலைப் போட்ட அதே குழுவில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி
மட்டக்களப்பு